பெரியக்காவின் முறை

நாற்பத்தாறு வயதில் தோளில் பையை மாட்டிக்கொண்டு பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் வந்து இறங்கியவளை, வாசல் காவலர் யாரோ ஒரு மாணவியின் அம்மா என்றுதான் நினைத்தார். "பொண்ணு எந்த ரூம்மா?" என்று கேட்டார். "நான்தாங்க அந்தப் பொண்ணு," என்றாள் அவள். காவலர் அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி மூன்றாவது மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அவள் பதினான்கு வருஷம் ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளராக இருந்தவள். செருப்பு மாட்டிவிடுவது, மூக்கைத் துடைப்பது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளைக்கு ஊட்டிவிடுவது, எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு வருஷம் காது கேட்காத குழந்தை ஒன்று அந்த வகுப்பில் வந்து சேர்ந்தது. இவள் பேசும்போதெல்லாம் அது தன் உள்ளங்கையை இவள் தொண்டையில் வைத்துப் பார்க்கும். அதற்கு என்ன சொல்லித் தருவது, எப்படிச் சொல்லித் தருவது என்று இவளுக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை. பாதி வருஷத்திலேயே பெற்றோர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

காது கேட்காத குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது, வயது வரம்பு கிடையாது என்று தெரிந்தபோது யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தாள். கணவர் கடைத்தெருவில் சலூன் வைத்திருப்பவர். முதலில் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில், "அப்போ எனக்குச் சாப்பாடு?" என்று கேட்டார். வெளியூரில் வேலை பார்க்கிற மகன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: அப்பா பசியில் கிடக்க மாட்டார், கடைக்கு எதிரிலேயே இரண்டு ஓட்டல் இருக்கிறது, நீ கிளம்பு.

அப்படித்தான் அவள் வந்து சேர்ந்தாள்.

மூன்றாவது மாடி வீட்டில் நான்கு சின்ன அறைகள். நான்கு பேருக்கும் பொதுவாக ஒரு சமையலறை, ஒரு குளியலறை, நீள சோபா போட்ட ஒரு கூடம். மற்ற மூன்று அறைகளிலும் பெண்பிள்ளைகள். ஒருத்தி கட்டடக் கலை படிக்கிறவள். எந்நேரமும் அட்டையை வெட்டி ஒட்டி வீடு செய்துகொண்டிருப்பதால் அவளுக்கு அட்டை என்று பெயர். ரத்தம் குடிக்கிற அட்டை என்றும் வைத்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். இன்னொருத்தி முதல் வருஷம், இருக்கிற இடம் தெரியாது. அறைக் கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள், ஏதாவது சத்தம் கேட்டால் தலை மட்டும் எட்டிப் பார்க்கும். அவள் முயல். மூன்றாமவள் புள்ளியியல் படிக்கிறவள், இருபது வயது, காற்றடித்தால் பறந்துவிடுகிற மாதிரி உடம்பு. அவள்தான் வீட்டுப் பொறுப்பாளர். ஒவ்வொரு வீட்டுக்கும் குடியிருக்கிற மாணவர்களே ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் அவள் தலைவி. கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஆனால் ஒட்டிக்கொண்டது.

முதல் நாள் சாயங்காலமே தலைவி விதிமுறைத் தாளை எடுத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் படித்தாள். சமையலறையும் குளியலறையும் வாரத்துக்கு ஒருவர் முறை. ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. புகை வந்தால் அலறுகிற மணி கூரையில் இருக்கிறது, அதைத் துணி போட்டு மூடக் கூடாது. விருந்தாளிகள் காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை வரலாம். ராத்திரி தங்குவதானால் பெண்கள் மட்டும், மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், மற்ற மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும், இரண்டு ராத்திரிக்கு மேல் கிடையாது. மாதத்தில் ஒருநாள் கட்டட மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார். படித்து முடித்துவிட்டு, "சந்தேகம் இருந்தா கேளுங்கக்கா. எல்லாருக்கும் ஒரே விதிதான், எனக்கும் சேத்து," என்றாள். குரல் அடுத்த அறைக்குக் கேட்காது, அவ்வளவு மெதுவாகப் பேசுவாள்.

வயதில் பெரியவள் என்பதால் இவளுக்கும் அன்றைக்கே பெயர் வந்துவிட்டது. பெரியக்கா.

பெரியக்காவுக்கு விதி எதுவும் கஷ்டமாகத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் ஒரு வீட்டை நடத்தியவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கஷ்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. காலை ஐந்து மணிக்கு அவள் கண் தானாகத் திறந்துகொள்ளும். எழுந்தால் கை சும்மா இருக்காது. சிங்க்கில் கிடக்கிற பாத்திரத்தைத் தேய்ப்பாள், அடுப்பைத் துடைப்பாள், யாருடைய முறை என்று பார்க்காமல் குளியலறையையும் கழுவிவிடுவாள். கையோடு கையாக நாலு பேருக்கும் டீ போட்டு மூடி வைப்பாள். வகுப்பு முடிந்து வந்ததும் மறுபடி ஆரம்பம். பிரிட்ஜில் முயல் வைத்து மறந்த ரொட்டியைத் தூக்கிப் போடுவது, அட்டை பசை ஒட்டவைத்த கிண்ணங்களை ஊறவைத்துச் சுரண்டுவது. புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது கண் சொக்கும்.

பிள்ளைகள் இருவருக்கும் கொண்டாட்டம். அட்டை தன் முறை எந்த வாரம் என்பதையே மறந்துபோனாள். "வீட்டை விட்டு வந்தும் அம்மா வந்துட்டாங்க, எனக்கு மச்சம்," என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தலைவியின் வாரம் வந்தது. காலையில் கையுறை மாட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தவள், அது கண்ணாடி மாதிரி மின்னுவதைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளும் அப்படியே இருந்தது. அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். மூன்றாம் நாள் பெரியக்காவின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, இந்த வாரம் என் முறை."

"தெரியும்மா. நீ படிக்கிற பொண்ணு, உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்?"

"நீங்களும் படிக்கிற பொண்ணுதானேக்கா?"

தலைவி வாசலிலேயே நின்றபடி, யோசித்து வைத்திருந்ததையெல்லாம் தணிந்த குரலில் சொன்னாள். நீங்கள் எல்லாருடைய வேலையையும் எடுத்துக்கொண்டதில் மற்ற இருவரும் தங்கள் முறையையே மறந்துவிட்டார்கள். ஒரு வாரம் நீங்கள் ஊருக்குப் போனால் இந்த வீடு நாறிப்போகும். உங்கள் வாரத்தில் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள். அடுத்தவர் வாரத்தில், சிங்க்கில் பாத்திரம் மலையாகக் குவிந்தாலும் தொடாதீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வேலை செய்யவில்லை என்று கேட்டவர்கள் உண்டு, சரியாகச் செய்யவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. வேலை செய்யாதே என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவளிடம் சொன்னதில்லை. மகனைவிடச் சின்னவள், வந்து நின்று ஒழுங்கு சொல்கிறாள். கணவருக்குப் போன் போட்டுப் புலம்பினாள். அவர் காத்திருந்தவர் மாதிரி, பேசாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்றார்.

மறுநாள் வகுப்பில் முதல் தேர்வின் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். காதின் அமைப்பைப் பற்றிய தேர்வு. உள்ளே இருக்கிற மூன்று குட்டி எலும்புகளையும் இடம் மாற்றி எழுதியிருந்தாள். கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. தோல்வி. கூட இருந்த இளசுகள் எல்லாம் தேறியிருந்தார்கள். விடைத்தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்து வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தத் தேர்வுக்கு முந்தின நாள் என்ன செய்தோம்? குளியலறைச் சுவரில் கறை எடுத்தோம். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. காது கேட்காத குழந்தைக்காக வீட்டை விட்டு வந்துவிட்டு, இங்கே வந்து இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். அந்தப் பெண் சொன்னதில் என்ன தப்பு?

அன்றிலிருந்து முயன்று பார்த்தாள். சொல்வதற்கு எளிது. அடுத்த வாரம் அட்டையின் முறை. இரண்டே நாளில் சிங்க் நிரம்பியது. பெரியக்கா தண்ணீர் குடிக்கப் போனால் கூரையைப் பார்த்துக்கொண்டே போய், கூரையைப் பார்த்துக்கொண்டே திரும்புவாள். கை அரிக்கும். ஒருதரம் தேய்க்கிற நாரைக் கையில் எடுத்தே விட்டாள், அப்புறம் சுட்டதுபோலக் கீழே போட்டாள். அட்டை வந்து, "அக்கா, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கவலையோடு விசாரித்தாள். பெரியக்கா நன்றாகத்தான் இருப்பதாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் புத்தகத்தைத் திறந்தாள். தலைவியும் அந்தப் பாத்திரங்களைத் தொடவில்லை. தன் தட்டை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

மேற்பார்வையாளர் வருகிற நாளும் அந்த வாரத்திலேயே வந்தது. கையில் டார்ச் வைத்துக்கொண்டு அடுப்புக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்க்கிற அம்மாள். சிங்க்கைப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார், எச்சரிக்கை எழுதினார். இன்னொரு எச்சரிக்கை வந்தால் நாலு பேரையும் வேறு வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவோம் என்றார். யாருடைய முறை என்று கேட்டபோது தலைவி, "பொறுப்பாளர் நான்தான் மேடம்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அட்டை கதவோரமாக நின்று விரலில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் போன பிறகு தலைவி கத்துவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் அட்டையிடம் போய், "இது என் பேர்ல போயிருக்கு. அடுத்தது அவங்கவங்க பேர்ல போகும்," என்றாள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். அட்டை சாயங்காலம் வரை உட்கார்ந்து தேய்த்தாள். பாத்திரம் முடிந்து அடுப்புக்கு வந்தாள், அடுப்பு முடிந்து ஜன்னல் கம்பிக்குப் போனாள். பெரியக்கா தன் அறையிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்று, தொண்டை வற்றக் கத்தியிருப்பேன். இல்லாவிட்டால் முணுமுணுத்துக்கொண்டே நானே தேய்த்திருப்பேன். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்பதே தனக்கு இத்தனை நாளாகத் தெரியாதே என்று வியந்துபோனாள்.

அதற்கப்புறம் முறை தவறவில்லை. பெரியக்காவுக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடைத்தது. அதை என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை. பிறகு நூலகத்தில் ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்துக்கொண்டாள். சைகை மொழியைக் கண்ணாடி முன் நின்று பழகினாள். முயல் எட்டிப் பார்த்துவிட்டு, அவளும் நாலு சைகை கற்றுக்கொண்டாள். பேசாமலே பேசலாம் என்பது முயலுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் கணவர் வந்து நின்றார். சொல்லாமல் கொள்ளாமல், கையில் ஒரு பை, இன்னொரு கையில் பழம். மறுநாள் சலூனுக்கு விடுமுறை. பெரியக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் சோபாவில் உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. சலூன்காரருக்குப் பேச்சுக்கா பஞ்சம்? கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பாதி மீசையோடு எழுந்து ஓடிய மாப்பிள்ளை கதையைச் சொன்னார். அட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முயல் கூட அறையிலிருந்து வெளியே வந்து டீ போட்டுக் கொடுத்தாள்.

எட்டரை மணிக்குப் பெரியக்கா கடைசி பஸ் எப்போது என்று கேட்டாள். அவர், "பஸ்ஸா? நாளைக்கு லீவுதானே," என்று சொல்லிப் பையிலிருந்து மாற்றுத் துணியை எடுத்தார். சோபாவின் நீளத்தைக் கையால் அளந்து பார்த்து, ஒரு தலையணை மட்டும் கேட்டார்.

பெரியக்காவுக்கு விதி தெரியும், முதல் நாளே அதில் கையெழுத்துப் போட்டவள். ஆனால் இவ்வளவு தூரம் வந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சமையலறைக்குள் போய் நின்றாள். அட்டை பின்னாலேயே வந்து, ஒரு ராத்திரிதானே, யாருக்குத் தெரியப் போகிறது, நாங்கள் சொல்ல மாட்டோம் என்றாள். முயலிடம், "உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" என்று பெரியக்கா கேட்டாள். "இல்லக்கா, பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு முயல் தன் அறைக்குள் போனாள்.

தலைவி அப்போதுதான் நூலகத்திலிருந்து வந்தாள். சோபாவையும் தலையணையையும் துணி மாற்றிக்கொண்டு வந்து நிற்கிற மனிதரையும் பார்த்தாள். புத்தகங்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம் மாமா. தப்பா நினைக்காதீங்க. ராத்திரி இங்க தங்க முடியாது."

"யாரும்மா நீ?"

"இந்த வீட்டுக்குப் பொறுப்பாளர்."

அவர் சிரித்தார். ஆனால் முகம் சிவந்துவிட்டது. "என் பொண்டாட்டி இருக்கிற எடத்துல நான் படுக்க நான் யாரைக் கேக்கணும்? இந்தப் பொண்ணுங்க எல்லாம் சரின்னு சொல்லியாச்சே."

"சொல்லியிருப்பாங்க மாமா. நீங்க வந்து உக்காந்த பிறகு, உங்க முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தச் சங்கடம் யாருக்கும் வரக் கூடாதுன்னுதான் விதின்னு ஒண்ணு வச்சிருக்கு. அதைச் சொல்ல வேண்டியவ நான்."

குரல் எப்போதும் போல மெதுவாகத்தான் இருந்தது.

கணவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற?"

பெரியக்கா முயலின் அறையைப் பார்த்தாள். எப்போதும் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருக்கும் கதவு சாத்தியிருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கொஞ்ச நேரம் முன்பு கேட்டது இப்போதுதான் அவள் மனதில் பதிந்தது. தங்கள் வீட்டுக்குக் கேட்காமல் வந்து தங்கிய எத்தனையோ பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். அப்போதெல்லாம் அவளும் பரவாயில்லை, பரவாயில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கிளம்புங்க," என்றாள். "கேட் பக்கத்துல விருந்தினர் விடுதி இருக்கு. நான் வந்து விட்டுட்டு வரேன்."

தலைவி அங்கேயே போன் போட்டு இடம் இருக்கிறதா என்று கேட்டாள், இருந்தது. மூன்று பேரும் மாடிப்படி இறங்கித் தூறலில் நடந்தார்கள். கணவர் விடுதியில் சாவியை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

திரும்பி வரும்போது இரண்டாவது மாடி ஏறியதும் தலைவி நின்றுவிட்டாள்.

"கால் நடுங்குதுக்கா. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாமா?"

படியிலேயே உட்கார்ந்தார்கள். கதவைத் திறந்து அவரைப் பார்த்ததும், பேசாமல் திரும்பி நூலகத்துக்கே ஓடிவிடலாம் என்று நினைத்ததாகத் தலைவி சொன்னாள். அவள் அப்பாவும் இப்படித்தானாம், கேள்வி கேட்டால் முகம் சிவந்துவிடும். அவரிடம் வாழ்க்கையில் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லையாம். சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளை அப்படியே அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது பெரியக்காவுக்கு. ஆனால் அது ஏதோ சின்னப் பிள்ளையைத் தேற்றுவது மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. பயமே இல்லாதவள் சொல்வது பெரிய விஷயமா? கால் நடுங்க நடுங்க வந்து நின்று, மரியாதையும் குறையாமல், சொல்ல வேண்டியதையும் விடாமல் சொன்னாளே. இந்த வயதில் நான் எங்கே இருந்தேன் என்று எண்ணியபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேலே போனபோது முயலின் கதவு மறுபடி ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது.

மறுநாள் காலை பெரியக்காவுக்கு வகுப்பு. கணவர் கோபித்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே போனாள். மத்தியானம் திரும்பி வந்தால், கட்டடத்துக்குப் பின்னால் துணி காயப்போடுகிற இடத்தில் ஒரே கூட்டம். நடுவில் ஒரு நாற்காலி. அட்டை கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கணவர் கத்தரியும் சீப்புமாக அவள் தலையில் ஒட்டியிருந்த பசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

நடந்ததை அட்டைதான் சொன்னாள். விருந்தாளி நேரம் ஆரம்பித்ததும் அவர் உம்மென்று வந்து வாசலில் நின்றாராம், பையை மறந்து வைத்துவிட்டுப் போனதால். தலைவி, "வாங்க மாமா, இப்போ நீங்க எங்க விருந்தாளி," என்று உட்காரவைத்து டீ கொடுத்தாளாம். அவர் பேசக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் கண் அவளுடைய நெற்றிமுடியை விட்டு நகரவில்லை. கடைசியில் தாங்க மாட்டாமல், "இது யாரு வெட்டினது?" என்று கேட்டிருக்கிறார். நானேதான் என்றாளாம். "தெரியுது," என்றாராம். அதோடு கோபம் உடைந்துவிட்டது. நான் சரி பண்ணித் தரட்டுமா, இல்லை அதுக்கும் ஏதாவது விதி இருக்கா என்று கேட்டிருக்கிறார். தலைவி அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் விதிமுறைத் தாளை முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு வந்து, முடி வெட்டக் கூடாது என்று எங்கேயும் இல்லை, குளியலறைச் சாக்கடையில் முடி விழக் கூடாது என்று மட்டும்தான் இருக்கிறது என்றாளாம். அதனால்தான் நாற்காலி பின்பக்கம் வந்தது. அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள்.

கடைசியாக முயல் வந்து உட்கார்ந்தாள். அவர் கத்தரியை எடுக்கவில்லை. "எவ்வளவு வெட்டணும்னு நீயே காட்டும்மா," என்றார். முயல் இரண்டு விரலால் நுனியைக் காட்டினாள். அவ்வளவுதான் வெட்டினார், ஒரு நூல்கூடக் கூடுதலாக இல்லை. பிறகு யாரும் சொல்லாமலே துடைப்பத்தை எடுத்து, உதிர்ந்து கிடந்த முடியையெல்லாம் கூட்டி அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டார். கடையில் தினமும் கூட்டுகிறவர்தான். ஆனால் அவர் கையில் துடைப்பத்தைப் பெரியக்கா கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வீட்டில் அது எங்கே இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவராகவே பேச்செடுத்தார். "நேத்து எனக்குக் கோவம்தான். படுத்தா தூக்கம் வரல. நமக்கு ஒரு பொண்ணு இருந்து, அவ இருக்கிற எடத்துல எவனோ ஒருத்தன் வந்து சோபாவுல படுத்தா நான் சும்மா விட்டிருப்பனா?" பஸ் வருகிற திசையை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல பொண்ணு. நெத்தியிலதான் முடியைக் குதறி வச்சிருந்தா," என்றார். பஸ் வந்துவிட்டது.

அந்த வருஷக் கடைசியில் காதுத் தேர்வைப் பெரியக்கா மறுபடி எழுதித் தேறினாள், வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருத்தியாக. தலைவி பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் புதுப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. அட்டையும் முயலும் தலைவியின் அறைக்குப் புதிதாக வந்த பெண்ணும் சேர்ந்து பெரியக்காவின் பெயரைச் சொன்னார்கள். வயதுக்காகச் சொல்கிறீர்களா என்று அவள் கேட்டாள். இல்லை, உங்களுக்கு இப்போது பாத்திரத்தைப் பார்த்தும் பார்க்காமல் போகத் தெரிகிறது, அதுக்காக என்றாள் அட்டை.

பொறுப்பேற்ற மாதமே நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. தன் மகளுக்கு அந்த ஊரில் வேலைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது, நாளைக்கு அனுப்பி வைக்கிறேன், ஒரு வாரம் உன் அறையில் இருக்கட்டும் என்றார். கேட்கவில்லை, தகவல் சொன்னார். இருபத்தைந்து வருஷமாக அந்தக் குரலுக்குச் சரி என்பதைத் தவிர வேறு பதில் பெரியக்கா சொன்னதில்லை. போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அண்ணி, நாளைக்கு முடியாது. மூணு நாள் முன்னாடி சொல்லணும், கூட இருக்கிற மூணு பேரும் சம்மதிக்கணும். அதுவும் ரெண்டு ராத்திரிதான். மிச்ச நாளுக்குக் கேட் பக்கத்து விடுதியில நான் இடம் பாத்து வைக்கிறேன்."

நாத்தனார், "உன் சொந்த அறையிலயே உனக்கு இவ்வளவு கட்டுப்பாடா?" என்று இரக்கப்படுவது போலக் கேட்டார்.

"கட்டுப்பாடு எல்லாருக்கும்தான் அண்ணி. பொறுப்பாளர் நானே இருந்துட்டு நானே மீறலாமா?"

நாத்தனார் மகள் மூன்று நாள் கழித்து வந்தாள். கூட இருக்கிற ஒவ்வொருவரையும் பெரியக்கா தனித்தனியாகக் கூப்பிட்டு, வேண்டாமென்றாலும் தனக்கு வருத்தமில்லை என்று சொல்லித்தான் கேட்டிருந்தாள். வந்த பெண் இரண்டு ராத்திரி தங்கினாள், தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினாள், மூன்றாம் நாள் விடுதிக்கு மாறினாள். வேலையும் கிடைத்தது.

நாத்தனார்தான் இரண்டு மாதம் பேசவில்லை. பெரியக்கா அந்த இரண்டு மாதத்தில் காது கேட்காத குழந்தைகள் பள்ளியில் பயிற்சியை முடித்து, இன்னும் இரண்டு தேர்வும் எழுதிவிட்டாள்.